முகம் தெரியாத தோழருக்கும் ஒரு பெயர் உண்டு



நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல மாசம் ஒருமுறையாவது வர்ற சண்டை இது. யாராவது ஒருத்தர், "டிபி-ல சொந்த முகத்தை வைக்காதவன் எல்லாம் அரசியல் பேசக் கூடாது" என்று ஆரம்பிப்பார். உடனே இன்னொருத்தர், "ஃபேக் ஐடி இல்லாம இன்னைக்குக் களத்துல நிக்கவே முடியாது தோழர், அவன் நூறு வச்சிருக்கான், நாம இருநூறு வைக்கணும்" என்பார். அதுக்கப்புறம் நாற்பது வாய்ஸ் நோட். கடைசியில அட்மின் குரூப்பை லாக் பண்ணுவார்.

இரண்டு பேர் சொல்றதும் தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். பதிவு நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "அடையாளம் தெரியாதவர்" என்று நாம ஒரே சொல்லால குறிப்பிடுறதுக்குள்ள இரண்டு வேற வேற ஆட்கள் இருக்காங்க. ஒருத்தர், நேத்து ராத்திரி அக்கவுண்ட் திறந்து, இன்னைக்குக் காலைல ஒரு பெண்ணை அசிங்கமா திட்டிட்டு, மதியம் அக்கவுண்டை மூடிட்டுப் போறவர். இன்னொருத்தர், ஆறு வருஷமா ஒரே புனைபெயர்ல எழுதுறவர். பட்ஜெட் வந்தா அன்னைக்கு ராத்திரியே ஆவணத்தைப் பிரிச்சு மேய்ஞ்சு துறைவாரியா கணக்குப் போடுறவர். ஒரு எண் தப்பாயிட்டா மறுநாள் "திருத்தம்" என்று மேலயே போடுறவர். இந்த இரண்டு பேருக்கும் ரேஷன் கார்டுல என்ன பெயர்னு நமக்குத் தெரியாது. ஆனா முதல் ஆளுக்கு இழக்க எதுவுமே இல்லை. இரண்டாவது ஆளுக்கு ஆறு வருஷம் இருக்கு.

ஒருத்தர் பேச்சை நம்பணும்னா நமக்கு அடிப்படையாத் தெரிய வேண்டியது, இன்னைக்குப் பேசுறவர்தான் நேத்தும் பேசினவர் என்பது. அவர் பெயரை ஊர், தெரு, அப்பா பெயரோட தெரிஞ்சாதான் நம்ப முடியும்னா, தமிழ் வாசகர்கள் புதுமைப்பித்தனையும் கல்கியையும் எப்படி நம்பினாங்க? விருத்தாசலம், கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர்கள் பல பேருக்குப் பின்னாடிதான் தெரியும். அறிஞர் அண்ணா 'சௌமியன்' என்று எழுதினார். நம்மள மாதிரி இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச சுஜாதாவையே எடுத்துக்குங்க. குமுதத்துல ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால, இந்த ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கிட்டார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வாக்கு இயந்திரம் உருவாக்குற வேலையில இருந்தவரும் அவர்தான். ஆபீஸ்ல ஒரு பெயர், பத்திரிகையில ஒரு பெயர். இரண்டுக்கும் தனித்தனியா மரியாதை சம்பாதிச்சார்.

சுஜாதாவுக்கு அது வசதிக்கான பெயர். உயிர்மூச்சா புனைபெயர் தேவைப்பட்டவங்க வேற. கவிஞர் சல்மா கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். துவரங்குறிச்சியில, வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட பெண். வீட்டுல எழுதத் தடை. ஒளிச்சு ஒளிச்சு எழுதின கவிதைகள் அம்மா வழியாத்தான் வெளியே போச்சு. 'சல்மா' என்ற பெயர் மட்டும் இல்லைன்னா அந்தக் கவிதைகள் அச்சுக்கே வந்திருக்காது. அந்தப் பெயர் ஊருக்குள்ள யாரையும் குறிக்கலை. ஆனா இலக்கிய வாசகர்கள் கிட்ட அதுக்கு ஒரு கனம் சேர்ந்துக்கிட்டே வந்துச்சு. 2001-ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரா ஆன பிறகு எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் ஆனாங்க. அவங்க எந்தக் கட்சி என்பது இந்தப் பதிவுக்கு முக்கியமில்லை. முகத்தை எப்போ காட்டுறது என்பதை அவங்க முடிவு பண்ணினாங்க, அதுக்குள்ள அந்தப் பெயர் தன் மரியாதையைத் தானே சம்பாதிச்சிருந்துச்சு. எனக்கு முக்கியம் இதுதான்.

நம்ம கூடவும் அப்படிப்பட்டவங்க இருக்காங்க. கட்சி ஆதரவு போஸ்ட் போட்டா டீம் லீட் கூப்பிட்டு "ஹெச்ஆர் பார்த்தா பிரச்சினை" என்று சொல்ற கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி. போட்டோ வச்சா அடுத்த அரை மணி நேரத்துல அதை எடிட் பண்ணி அனுப்புவானுங்க என்று பயப்படுற தங்கச்சி. சாதி மாறி நிக்கிற கருத்தை ஊர்ல வாய் திறந்து சொல்ல முடியாத கல்லூரி மாணவர். இவங்ககிட்ட "தைரியம் இருந்தா முகத்தைக் காட்டு" என்று கேட்கிறவங்க பெரும்பாலும் முகம் காட்டினா எதுவும் ஆகாத இடத்துல பிறந்தவங்க. இதை நான் கோபமாவே சொல்றேன்.

முகம் காட்டினா என்ன ஆகும்? 2012 நவம்பர்ல மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானாங்க. பால் தாக்கரே மறைவுக்காக மும்பை முழுக்க அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு ஒருத்தர் ஃபேஸ்புக்ல எழுதினார். இன்னொருத்தர் அதுக்கு லைக் போட்டார். இரண்டு பேரும் சொந்தப் பெயர்லதான் இருந்தாங்க. அந்தக் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து பண்ணிடுச்சு. சட்டப்பிரிவு போயிடுச்சு, பயம் போயிடலை.

"சரி, எல்லாரையும் ஆதாரோட இணைச்சுட்டா ஆபாசமும் பொய்யும் நின்னுடுமே" என்று நம்ம பக்கமே கேட்கிற ஆட்கள் இருக்காங்க. இந்த யோசனை நம்ம ஊர் நீதிமன்றத்துக்கே வந்தது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துல, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோட இணைக்கணும் என்று பொதுநல மனுக்கள் தாக்கலாச்சு. இணையத்துல அவமானப்படுத்தப்படுறவங்களைக் காப்பாத்தணும் என்பது காரணம், நியாயமான காரணம். விசாரணை போகப் போக வாட்ஸ்அப் செய்தியை முதல்ல அனுப்பினவர் யாருன்னு கண்டுபிடிக்கிற விஷயத்துக்குத் திரும்பிச்சு. செய்தியோடவே அனுப்பினவர் விவரத்தையும் இணைக்கலாம் என்று ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி ஒரு வழி சொன்னார். 2019-ல் ஃபேஸ்புக் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்கு மாத்தச் சொல்லிப் போச்சு. பிறகு 2021 விதிகள்ல ஒன்றிய அரசு, முதல்ல அனுப்பினவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கணும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. அடையாளச் சரிபார்ப்பை மட்டும் விருப்பம் உள்ளவங்களுக்கு என்று வச்சாங்க. நம்ம நல்ல நேரம்.

நல்ல நேரம் என்று சொல்றதுக்குக் காரணம் தென் கொரியா. அவங்க இதைக் கட்டாயமா செஞ்சே பார்த்துட்டாங்க. 2007-ல் பெரிய இணையதளங்களுக்கு உண்மைப் பெயர்ச் சட்டம் வந்துச்சு. கருத்து எழுதணும்னா நம்ம ஆதார் மாதிரி அவங்க குடிமக்கள் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கணும். 2009-ல் தினமும் 1 லட்சம் பேருக்கு மேல வர்ற தளங்களுக்கும் விரிவாக்கினாங்க. யூட்யூப் அதுக்குக் கட்டுப்பட மாட்டேன்னு சொல்லி, கொரியப் பக்கத்துல வீடியோ ஏத்துறதையும் கருத்து எழுதுறதையும் நிறுத்திடுச்சு. 2011 ஜூலையில நேட், சைவேர்ல்ட் என்ற இரண்டு தளங்கள் ஹேக் ஆகி, சுமார் 3.5 கோடி பேரோட விவரங்கள் திருட்டுப் போச்சு. அந்த நாட்டு மக்கள்தொகையே 5 கோடிதான், யோசிச்சுப் பாருங்க. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதா இந்தச் சட்டத்தை ரத்து பண்ணினாங்க. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லிக்கொள்ற அளவுக்குக் குறையலை, பேச்சுரிமை மட்டும் குறைஞ்சுது என்பதுதான் சாரம்.

ஏன் குறையலை? நம்ம ஊர்ல சொந்தப் பெயர், சொந்தப் போட்டோ, பின்னாடி சொந்த புல்லட் வண்டி எல்லாம் தெரிய நின்னுக்கிட்டு அம்மா, அக்காவை இழுத்துத் திட்டுற ஆட்களை நீங்க பார்த்ததே இல்லையா? அசிங்கத்துக்கு முகமூடி கட்டாயத் தேவை கிடையாது.

அப்போ ஃபேக் ஐடி கட்சிக்காரங்க சொல்றதுதான் சரியா? அதுவும் இல்லை. இங்கதான் கொஞ்சம் கணக்கு வருது.

பெயர் மாத்துறதுக்குச் செலவே இல்லாத இடத்துல எந்தப் புதுப் பெயரையும் யாரும் நம்ப மாட்டாங்க. எரிக் ஃப்ரீட்மன், பால் ரெஸ்னிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-லேயே இதை எழுதிட்டாங்க. மலிவான புனைபெயர்களுக்குச் சமூகம் ஒரு விலை கொடுக்குது. புதுசா வர்ற நல்லவனும், பழைய பாவத்தைக் கழுவிட்டுப் புதுப் பெயரோட வர்ற கெட்டவனும் பார்க்க ஒரே மாதிரி இருப்பாங்க. அதனால புதுசா வர்ற எல்லாரையும் கொஞ்ச காலம் சந்தேகத்தோடதான் பார்த்தாகணும். நல்லவன் தான் செய்யாத தப்புக்குக் காத்திருக்கிறான்.

இதே ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் இ-பே ஏலத் தளத்துல ஒரு சோதனை செஞ்சாங்க, 2006-ல் வெளியாச்சு. பல வருஷமா பழைய போஸ்ட்கார்டு விக்கிற ஒரு வியாபாரி. அவர் ஒரே தரமுள்ள கார்டுகளைப் பிரிச்சு, பாதியைத் தன் பழைய ஐடி-லயும் மீதியைப் புது ஐடிகள்லயும் ஏலம் விட்டார். ஆள் ஒருத்தர்தான், சரக்கும் ஒண்ணுதான். பழைய ஐடி-க்கு வாங்குறவங்க 8.1 சதவீதம் கூடுதலா விலை கொடுக்கத் தயாரா இருந்தாங்க. அந்த 8.1 சதவீதம் கார்டோட விலை இல்லை, காலத்தோட விலை.

இப்போ இருநூறு ஃபேக் ஐடி வைக்கணும்னு சொல்ற தோழருக்கு வர்றேன். அந்த இருநூறும் நேத்து பிறந்தது. ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை, ஒரே நிமிஷத்துல பதிவு. பார்க்கிற பொதுமக்கள் முட்டாள் கிடையாது. டீக்கடையில உட்கார்ந்து ஸ்க்ரோல் பண்ற அண்ணனுக்கே இரண்டு செகண்ட்ல தெரிஞ்சுடும். அந்த ஐடிகள் எதிர்த்தரப்பைக் கெடுக்கிறதை விட, ஆறு வருஷமா ஒரே புனைபெயர்ல உழைச்ச நம்ம தோழரைத்தான் கெடுக்குது. அவர் உண்மையான கணக்கோட வந்து நின்னாலும், "இதுவும் அந்தக் கூட்டம்தான்" என்று தள்ளிடுவாங்க. நம்ம பணத்துல நாமே கள்ள நோட்டைக் கலக்கிறோம்.

இதுக்கு எதிரா ஒரு வலுவான கேள்வி இருக்கு, அதை மறைக்க விரும்பலை. வருஷக்கணக்கா நம்பிக்கை சம்பாதிச்ச புனைபெயரே ஏமாத்தினா?

அப்படி நடந்திருக்கு. சாஃப்ட்வேர் துறையில இருக்கிறவங்க 2024 மார்ச் மாசத்தை மறக்க மாட்டாங்க. மத்தவங்களுக்காகச் சொல்றேன். எக்ஸ்-இசட் என்று ஒரு சின்ன மென்பொருள், ஃபைல்களைச் சுருக்குற வேலை செய்யும். உலகத்துல ஏகப்பட்ட லினக்ஸ் சர்வர்கள்ல அது இருக்கு. அதைப் பல வருஷமா சம்பளமே வாங்காம பார்த்துக்கிட்டவர் லாஸ் காலின் என்ற பின்லாந்துக்காரர். 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயர்ல ஒருத்தர் வந்து சின்னச் சின்ன உதவி செய்ய ஆரம்பிச்சார். பொறுமையா, நல்லா வேலை செஞ்சார். 2022-ல், வேற சில பெயர்கள் திடீர்னு வந்து, "வேலை மெதுவா நடக்குது, பொறுப்பை வேற ஆள்கிட்ட கொடு" என்று காலினை நெருக்கினாங்க. அவர் மனநலப் பிரச்சினையோட போராடிக்கிட்டு இருந்த நேரம் அது. அதை அவரே எழுதியும் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமா பொறுப்பு ஜியா டான் கைக்குப் போச்சு. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல சர்வருக்குள்ள நுழைய ஒரு திருட்டுக் கதவை வச்சுட்டார்.

கண்டுபிடிச்சது ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர். சர்வர்ல லாகின் ஆக வழக்கத்தை விட அரை செகண்ட் அதிகமா எடுக்குதே என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அந்த அரை செகண்டை அவர் கவனிக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் என்பதை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. ஜியா டான் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளியே தெரியாது. ஒரு அரசாங்கமே பின்னாடி இருக்கலாம் என்று துறையில பலர் சந்தேகப்படுறாங்க.

இதைக் காட்டி "பார்த்தியா, புனைபெயரை நம்பினா இதுதான் கதி" என்று சொல்லலாம். ஆனா ஆரம்பத்துலயே அடையாள அட்டை கேட்டிருந்தா என்ன நடந்திருக்கும்? கொடுத்திருப்பாங்க. இரண்டு வருஷத்துக்கு மேல பொறுமையா வேலை செஞ்சு காத்திருக்கத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு அட்டை அச்சடிக்கத் தெரியாதா? கொஞ்சம் உத்துப் பார்த்தா இந்தக் கதையில இரண்டு விதமான பெயர்கள் இருக்கு. ஒண்ணு ஜியா டான், உழைச்சுச் சம்பாதிச்ச பெயர். இன்னொண்ணு, காலினை நெருக்க வந்த அந்தப் பெயர்கள். அவங்களுக்கு முன்னாடி ஒரு வரலாறு கிடையாது, பின்னாடியும் காணோம். "இவங்க யாரு, இதுக்கு முன்னாடி இந்தத் திட்டத்துக்கு என்ன செஞ்சிருக்காங்க?" என்று அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, பொறுப்பு கைமாறின கதையே வேற மாதிரி போயிருக்கலாம். அதோட, சதி பிடிபட்டது ஆளைச் சோதிச்சதால இல்லை, ஆள் செஞ்ச வேலையைச் சோதிச்சதால. நற்பெயர் என்பது ஒருத்தரைக் கேட்க வைக்கிற அளவுக்குத்தான் உதவும். சொன்னதைச் சரிபார்க்கிற வேலை நம்ம தலையிலதான் இருக்கு.

நீல டிக் கதையும் இதையேதான் சொல்லுது. 2022 நவம்பர்ல ட்விட்டர் 8 டாலருக்கு டிக் விக்க ஆரம்பிச்சதும், எலி லில்லி என்ற மருந்து கம்பெனி பெயர்ல யாரோ ஒரு போலிக் கணக்கைத் திறந்து, டிக்கும் வாங்கி, "இன்சுலின் இனி இலவசம்" என்று போட்டுட்டாங்க. உண்மையான கம்பெனி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டுச்சு. (இன்சுலின் விலையைப் பத்தி அமெரிக்காவே பேச ஆரம்பிச்சது தனிக் கதை, அந்தப் போலிக்கு ஒரு கைத்தட்டு கொடுக்கலாம்னு கூடத் தோணும்.) பல வருஷமா டிக் என்றால் "சரிபார்த்த ஆள்" என்று பழகின கண்ணுக்கு, அது "காசு கொடுத்த ஆள்" என்று மாறினது ஒரே நாள்ல புரியலை. முத்திரையை விக்கலாம். ஒருத்தர் எழுதின பழைய பதிவுகளைப் புதுசா உட்கார்ந்து தயாரிக்கிறது கஷ்டம்.

அதனால நம்ம ஐடி விங் தோழர்கள் கிட்டயும், எந்தப் பொறுப்பும் இல்லாம அன்பால எழுதுற ஆதரவாளர்கள் கிட்டயும் நான் கேட்கிறது இதுதான். முகம் வேண்டாம்னா வைக்காதீங்க. யாராவது கேலி பண்ணினா நாங்க கூட நிக்கிறோம். ஆனா பெயர் ஒண்ணே ஒண்ணு வச்சுக்குங்க, அதையே வருஷக்கணக்கா காப்பாத்துங்க. தேர்தல் முடிஞ்சதும் கலைச்சுடாதீங்க. நாம தோத்தா அன்னைக்கும் அதே பெயர்ல வந்து நில்லுங்க. தப்பான ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்துட்டா சத்தமில்லாம டெலீட் பண்ணாம, அதே இடத்துல திருத்தம் போடுங்க. முகம் இல்லாதவருக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பழைய பதிவுகள்தான், அதுல ஓட்டை விழுந்தா அடைக்கக் கூட ஆள் இல்லை.

எதிர்த்தரப்புல ஒரு புனைபெயர் நம்மள நியாயமா விமர்சிச்சா, "யார்டா நீ, முகத்தைக் காட்டு" என்று இறங்காதீங்க. அவர் கொடுத்த எண் சரியா தப்பான்னு மட்டும் பாருங்க. அவர் யாருன்னு தோண்டி எடுத்து, வேலை பார்க்கிற இடத்தைப் போட்டு, போன் நம்பரைப் பரப்புற வேலையை நம்ம ஆள் யார் செஞ்சாலும் அதைக் கட்சி வேலைன்னு என்னால ஒத்துக்க முடியாது. நாளைக்கு அதே கத்தி நான் மேல சொன்ன அந்தத் தங்கச்சி பக்கம் திரும்பும். மிரட்டல், ஆபாசம் என்று குற்றம் நடந்தா போலீஸ் இருக்கு, நீதிமன்ற உத்தரவு இருக்கு. அதுக்காக ஒருத்தரைக் கண்டுபிடிக்கிறது வேற. எல்லாரையும் முன்கூட்டியே வரிசையில நிறுத்தி அட்டை கேட்கிறது வேற.

"புது ஆளுங்களை எப்படி நம்புறது?" என்று போன வாரம் ஒரு ஒன்றியத் தோழர் கேட்டார். சின்ன வேலை கொடுங்க. நாலு தரவுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்க, ஒரு ஊர்ப் பிரச்சினையை எழுதச் சொல்லுங்க. ஆறு மாசம் பாருங்க. முதல் வாரத்துலயே குரூப் அட்மின் கேட்கிறவரையும், அவருக்கு அட்மின் கொடுத்தே ஆகணும்னு திடீர்னு நாலு புது நம்பர்ல இருந்து வர்ற சிபாரிசையும் கொஞ்சம் தள்ளியே வைங்க. எக்ஸ்-இசட் கதையை இப்போ படிச்சுட்டீங்க, இனி ஏமாந்தா அது உங்க கணக்கு.

கடைசியா, உங்க பெயர் அஞ்சு வருஷச் சேமிப்புன்னா அதுக்குப் பூட்டு வேணும். இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்னைக்கே ஆன் பண்ணுங்க. பழைய, கைவிட்டுப் போன சிம் கார்டு நம்பர் அக்கவுண்ட்ல இருந்தா உடனே மாத்துங்க. ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் கொடுக்காதீங்க, தலைமைக் கழகத்துல இருந்து பேசுறோம்னு சொன்னாலும்.